பீரோவில் பத்திரமாக இருக்கும் ரிசீவர்

மாரண்டஹள்ளி,
புரட்டாசி 27, திங்கட்கிழமை.

அன்பு மச்சான் அர்ச்சுனனுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் பச்சியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அக்கா பானுமதி, இரண்டு எருமைகள் யாவரும் நலம். புனேயில் நீயும் நலமாக இருக்கச் சென்றாயப் பெருமாள் துணை. உன் விமானமும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்த பாராவில் உனக்கு நெஞ்சை அடைக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் தபால் கொடுத்தவன் நான். கெட்ட தந்தி என்றால், முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நீட்டுவேன். இதை வாட்ஸப்பிலேயே அனுப்பியிருக்கலாம், ஆனால் என் போனை என்னைவிட உன் அக்காதான் அதிகமாகப் படிக்கிறாள். நேற்று நடந்தது அவளுக்குத் தெரியாது.

போன லீவு முடிந்து கிளம்பும்போது, இரண்டு வருடம் உட்கார்ந்து நீயே மரம் இழைத்துச் செய்த அந்த ஆறடி இறக்கை விமானத்தையும் ரிமோட்டையும் என்னிடம் கொடுத்து, "மாமா, மாசம் ஒருக்கா பறக்க வுடுங்க. ஆனா டூப்ளிகேட் ரிசீவர் மட்டும் ஆயுசுக்கும் போடாதீங்க" என்றாய் அல்லவா? போட்டுவிட்டேன். கோபப்படாதே. உன் ஒரிஜினலைக் காப்பாற்றத்தான் போட்டேன். தீப்பெட்டி அளவு டப்பா, நான் கீழே ரிமோட்டில் சொல்வதை மேலே கேட்டு விமானத்தை நடத்துவதே அதுதான், அத்தனை உசத்தியான சாமானைப் போய் வெயிலிலும் புழுதியிலும் அனுப்புவதா என்று எனக்கு மனசு வரவில்லை. நம் வூட்டில் எந்த நல்ல பொருளைப் புழங்கியிருக்கிறோம் சொல்லு? உன் அக்கா தங்கச் சங்கிலியைப் பீரோவில் பூட்டிவிட்டுக் கவரிங்கில்தான் கல்யாணத்துக்குப் போகிறாள். அதே பீரோவில் சங்கிலிக்குப் பக்கத்தில் உன் ஒரிஜினலையும் மஞ்சள் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஆனி மாதம் ஆன்லைனில் ஒரு மலிவு டூப்ளிகேட் வரவழைத்து மாட்டினேன். பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதுவும் சும்மா சொல்லக் கூடாது, நாலு மாதம் சொன்ன பேச்சு கேட்டது.

ஆயுத பூஜைக்கு உன் அக்கா விமானத்தைத் தையல் மெஷினுக்கும் என் பழைய சைக்கிளுக்கும் நடுவில் வைத்து, மூக்கில் சந்தனம் குங்குமம் இட்டு, வயிற்றில் ஒரு முழம் சாமந்தி கட்டினாள். பீரோவில் இருந்த ஒரிஜினலையும் எடுத்து வைத்து ஒரு பொட்டு. அதற்குப் பிறகு முதல் தடவையாக நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை நம் தரிசில் ஏற்றினேன். முதலில் தூரம் நடந்து போய் சிக்னல் சோதிக்கச் சொல்லியிருந்தாய், நாலு மாதம் பழகின விமானத்துக்கு என்ன சோதனை என்று விட்டுவிட்டேன். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் பாதி, மரவள்ளிக் காட்டுக்கு மேலே போனது, வலது பக்கம் திருப்புகிறேன், திரும்பவில்லை, இடது, ஊஹூம், மோட்டாரை நிறுத்துகிறேன், அது எங்கே நிறுத்துகிறது? சிக்னல் விட்டுப்போனால் மோட்டாரை அணைப்பதுதான் நல்ல ரிசீவருக்கு லட்சணம் என்று நீ எத்தனை தடவை சொன்னாய்! இந்தத் தரித்திரம் பிடித்தது கடைசியாகக் கேட்ட வார்த்தையையே பிடித்துக்கொண்டு நேராக ரயில் ரோட்டைப் பார்த்துப் போகிறது. விமானம் போனால் உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பது ஒரு பக்கம், ரயில் மேலே போய் விழுந்தால் என் பென்ஷன் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். பால் கேனோடு வந்த கருப்பண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டு, ரிமோட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி போனேன். "என்னண்ணா, டவர் கெடைக்கலீங்களா?" என்று கேட்கிறான் பாவி. ரயில்வே கேட்டுக்குப் போனால் கேட்டை மூடிவிட்டார்கள். பெங்களூர் பாசஞ்சர் ஒவ்வொரு பெட்டியாக நகர்கிறது, விமானம் அதற்கு மேலே பறந்து அந்தப் பக்கம் இறங்குவது எனக்குத் தெரிகிறது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமாளுக்கு மொட்டை நேர்ந்துகொண்டு நிற்கிறேன்.

கேட் திறந்து போனால், அப்துல் சுபான் பாய் குடமிளகாய்க்குப் போட்டிருக்கும் பச்சை வலைக் கொட்டகை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இந்தப் பக்கம் விமானம் ஏதும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. மேல குந்தியிருக்குது. பொட்டெல்லாம் வெச்சுக்கிட்டு வந்திருக்குதே, பொண்ணு பாக்கவா?"

பேட்டரி தீர்ந்து மோட்டார் நின்று, தானாக மிதந்து வந்து வலை மேலே தொட்டில் பிள்ளை மாதிரி படுத்திருக்கிறது. ஏணி போட்டு இறக்கினார்கள். ஒரு கீறல் இல்லை மச்சான், ஒரே ஒரு கீறல் இல்லை! நான் அழுதுவிட்டேன். பாய் ஒரு சொம்பு மோர் கொடுத்து, ஒரு பை குடமிளகாயும் கட்டிக் கொடுத்தார். கடைக்குப் போய் வந்ததாக உன் அக்காவிடம் சொல்ல அது வசதியாகப் போயிற்று.

இனி டூப்ளிகேட் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன். நாளைக்கே அந்தத் துரோகியைக் கழற்றி எறிந்துவிட்டு உன் ஒரிஜினலை மாட்டுகிறேன். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய நிம்மதி. தீபாவளிக்கு வந்து நீயே உன் கையால் பறக்க விடு. எண்ணெய் தேய்த்துக் குளி, நேரத்துக்குச் சாப்பிடு, நூறு வயசு நல்லா இரு.

இப்படிக்கு,
உன் மாமா,
பச்சியப்பன்

பி.கு.: கவர் ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுத்து வருவதற்குள் உன் அக்கா இதை முழுக்கப் படித்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், "ஏங்க, அந்த டப்பாவுல மீசையாட்டம் ரெண்டு நூலு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சே, பூ கட்டறப்ப பிசிறா இருக்குதேன்னு நுனியக் கத்திரிச்சு வுட்டேன். அதனால ஒண்ணும் இல்லீங்களே?" என்கிறாள். மச்சான், அதுதான் ஆன்டெனா. காதை நறுக்கிவிட்டால் எந்த ரிசீவர் கேட்கும்? ஆகவே டூப்ளிகேட்டை நான் மேலே திட்டியதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. சந்தேகம் வந்து பீரோவைத் திறந்தேன். "அதுக்கும்தாங்க, சாமிக்கு முன்னால ஓரவஞ்சனை கூடாதுல்ல?" என்கிறாள் உன் கூடப் பிறந்தவள். தீபாவளிக்கு வரும்போது ரிசீவர் ஒன்று வாங்கி வா. டூப்ளிகேட்டே போதும். காது போன பிறகும் ஒன்றரைச் சுற்று நான் சொன்னதைக் கேட்டது, பாவம்.