பச்சை வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மைத்துனருக்கு

கெம்ப்டன்,
ஜூலை 23, செவ்வாய்

மதிப்புக்குரிய மைத்துனர் ஃபோல்க்மார் அவர்களுக்கு, அக்காள் வீட்டுக்காரன் ஹார்ட்விக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காள் கேர்லிண்டேயும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். யோசித்துப் பார்த்ததில் உயிரோடு என்பதே இப்போதைக்குப் போதும் என்று பட்டது. அங்கே உங்கள் புது இடுப்பு மூட்டு சௌகரியமாக இருக்கும் என்று நம்புகிறேன். அந்த மூட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

மூட்டு மாற்றியதும் இனி வண்டி ஓட்ட முடியாது என்று சொல்லி, போன இலையுதிர் காலத்தில் உங்கள் பச்சை மோட்டார் சைக்கிளை அக்காளுக்குக் கொடுத்தீர்கள். அதற்கு வயது இருபத்தெட்டு. நான்கு சிலிண்டர், ஆயிரத்து நூறு சிசி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி, மொத்தம் இருநூற்று தொண்ணூறு கிலோ. வேகமாகப் போகவும் தூரமாகப் போகவும் ஒரே வண்டி என்று பெருமையாகச் சொன்னீர்கள். எனக்கு அந்த இரண்டுமே வேண்டாம் என்பதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், கேக்கை வாயில் வைத்திருந்ததால் சொல்லவில்லை. நான் காப்பீட்டுக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் விபத்துக் கோப்பு படித்தவன். மற்றவர்கள் மலைப்பாதையில் மலையைப் பார்ப்பார்கள், நான் தடுப்புக் கம்பியில் எந்த இடத்தில் பெயின்ட் புதிதாக இருக்கிறது என்று பார்ப்பேன். வாரா வாரம் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு அறிக்கையை மனசுக்குள் எழுதி முடித்திருக்கிறேன். ஓட்டுநர் பெண், வயது அறுபத்தொன்று. பின்னால் இருந்தவர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காபிக்கு நிறுத்தும் இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே தோல் உடுப்புப் போட்ட பைக்காரர்கள் பழைய வண்டியைப் பார்த்ததும் சுற்றி நின்றுகொண்டு, உதிரி பாகம் எங்கே கிடைக்கிறது, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள், கடைசியில் என்னைக் காட்டி, இது உங்கள் வீட்டுக்காரர் வண்டியா என்று உங்கள் அக்காளிடம் விசாரிப்பார்கள்.

"வண்டி என்னுது. அவரு மூணாவது பெட்டி" என்று அவள் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தால்.

போன வியாழன் யாவ்ஃபன் கணவாய்க்குப் போனோம். மேலே ஏறியபோது ஒரு குறையும் இல்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. உச்சியில் சூப் குடித்தோம். ஸ்டெர்ட்ஸிங் பக்கமாக இறங்க ஆரம்பித்தோம், பெட்டி இரண்டும் நிறைய, நானும் நிறைய. ஐந்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவள் பிரேக்கை விட்டு விட்டு அழுத்துவது தெரிந்தது. ஆறாவதில் லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டதை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்தாள், எஞ்சின் அலறியது, பின் பிரேக்கை மிதித்தாள், அதுவும் பேருக்குப் பிடித்தது. எதிரே ஒரு பால் லாரி ஏறி வந்தது. அதன் ஓட்டுநரின் மீசை முடியை எண்ணும் தூரத்தில் கடந்தோம். அப்போது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது.

"இறுக்கிப் புடிச்சுக்கோங்க. ஒண்ணும் இல்ல."

முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் ஒண்ணும் இல்ல என்று சொன்னது இதற்கு முன் இரண்டு தடவை. ஒன்று, பிரசவத்தில் ரத்தம் நிற்காதபோது. மற்றொன்று, அவள் மார்பில் கட்டி இருந்த வருடம். அதனால் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மைத்துனரே, கண்ணையும் மூடிக்கொண்டேன், மூடியதால் அடுத்து நடந்ததை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வளைவில் திரும்பாமல் நேராகப் போனால் மேட்டை நோக்கி ஏறும் ஒரு புல்வெளித் தடம் இருந்ததாம். திரும்பினால் அதற்கு அப்புறம் வெறும் சரிவு. அவள் நேராக விட்டாள். அறுத்துப் போட்டிருந்த புல்லுக்குள் வண்டி ஏறி, தளர்ந்து, நின்று, ரொம்ப யோசித்துவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்தது. நான் புல்லில் கிடந்தேன். ஒரு மாடு என்னைப் பார்த்தது. அதன் பக்கத்தில் புல் வாரும் வாருகோலோடு நின்ற பெண்மணியும் பார்த்தாள். அவள் பெயர் நோட்புர்கா, அந்தப் புல்லுக்குச் சொந்தக்காரி.

அடி ஏதும் பட்டதா என்று கேட்பாள் என்று நினைத்தேன். "பெட்ரோல் கொட்டிச்சா? நாளைக்கு மாடு திங்கணும்" என்று கேட்டாள். கொட்டவில்லை என்றதும் முகம் மலர்ந்து, எங்கள் இருவரையும் வண்டியையும் தூக்கி நிறுத்தினாள், வண்டியை முதலில். வாசலில் மேசை போட்டுப் பாலாடைக்கட்டி உருண்டை வைத்தாள். டிராக்டரைத் தானே பிரித்து மாட்டுகிறவள் போலிருக்கிறது, நாங்கள் சாப்பிடும்போதே கைப்பிடியில் இருக்கும் பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடியைத் திறந்துவிட்டாள். உள்ளே இருந்தது மூன்று நாள் பழைய காபி நிறம்.

"பழைய ஆயில் தண்ணியக் குடிச்சு வச்சிருக்கு. சூடேறினா கொதிச்சு ஆவியாயிடும், அப்புறம் நீங்க காத்தத்தான் அழுத்தணும்" என்றாள். "இத எப்ப மாத்துனீங்க?"

"ஏப்ரல்ல. இவருதான் ஒர்க்ஷாப்ல குடுத்து மாத்திட்டு வந்தாரு" என்றாள் உங்கள் அக்காள்.

நான் உருண்டையைப் பார்த்தேன். இதை இதுவரை யாருக்கும் எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். ஏப்ரலில் ஒர்க்ஷாப்காரன் வேன் கொண்டுவந்து வண்டியை ஏற்றிப் போவதாக இருந்தது. நான்தான் போன் போட்டு வர வேண்டாம் என்றேன். இப்படியே விட்டால் செப்டம்பர் தகுதிப் பரிசோதனையில் வண்டி தேறாது, அவளுக்கும் மனசு விட்டுப்போகும், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். மாற்றியாயிற்று என்று அவளிடம் பொய் சொன்னேன். கோப்பில் இப்படி ஒருவனைப் பார்த்திருந்தால் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருப்பேன். வாருகோலைச் சாய்த்துக்கொண்டு நோட்புர்கா பார்க்க, முழுவதையும் அந்த மேசையிலேயே சொன்னேன்.

உங்கள் அக்காள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் தேவலை.

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். "எனக்குப் பயமில்லேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அவ்வளவுதான். நோட்புர்காவின் காரில் கீழே ஊருக்குப் போய்ப் புது ஆயில் வாங்கி வந்தார்கள். பெண்கள் இருவரும் முழங்காலிட்டு மாற்றினார்கள். லீவரை அழுத்து, விடு, அழுத்து என்ற வேலை எனக்கு. வீடு வரும் வரை ஸ்பீக்கரில் ஒரு சத்தம் இல்லை. ஐந்து நாளாக வீட்டிலும் இல்லை. சாப்பாடு வருகிறது, உப்பு எங்கே என்று கேட்டால் விரல் காட்டுகிறது.

ஆகவே, மாப்பிள்ளை, உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை டிரெய்லர் எடுத்துக்கொண்டு வா. டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், மனசு கேட்கவில்லை, திருப்பிக் கொடு என்று அவளிடம் கேள். நீ கேட்டால் கொடுத்துவிடுவாள். நான் எழுதியதாக மூச்சு விடாதே. டிரெய்லரில் ஏற்ற நானே பின்னாலிருந்து தள்ளுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி அண்டாமல், ஏறிய படிகளில் எல்லாம் பத்திரமாக இறங்கி, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,
ஹார்ட்விக்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போடும் நேரத்தில், புது ஆயிலைச் சோதிக்க இரண்டு மணி நேரம் தனியாகப் போய்வருகிறேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு அவள் போயிருந்தாள். போனைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டாள். இரண்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். மூன்றானது, நான்கானது. இந்த வீட்டில் ஒரு வளைவுகூட இல்லை, ஆனாலும் நான் யாவ்ஃபனில் பட்டது இதில் கால்வாசி கிடையாது. கடைசியில் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் ஹெல்மெட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு வாசல் கேட் அருகே நின்றேன். எதிர்வீட்டார் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்கள். நாலேகாலுக்கு வந்து நின்றாள். ரோட்டில் மரம் விழுந்து சுற்றிவர வேண்டியதாயிற்றாம். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். ஐந்து நாளில் முதல் வார்த்தை. தெரியல என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன். பையில் இருந்த கடிதத்தில் இதைக் காபிக்கு நிறுத்திய இடத்தில் எழுதுகிறேன். கடிதத்தை அடுத்த ஊர்த் தபால் பெட்டியில் போடுகிறோம், அவளுக்குத் தெரியும், படிக்கவும் கொடுத்தேன். டிரெய்லர் வேண்டாம். சனிக்கிழமை நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். பயம் எனக்குக் குறையவே இல்லை, மாப்பிள்ளை, ஆனால் பின்சீட்டில் இருந்தால் அவள் முதுகாவது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.