மெனு விழுகிற கம்பெனி

"போச்சு! திரும்பவும் வுழுந்துடுச்சுண்ணா!" என்று ராஜாத்தி போட்ட சத்தத்தில், அற்புதராஜ் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஸ்டோர்ஸ் ரூமுக்கு ஓடினான்.

அங்கே பழைய பதினாலு இஞ்ச் மானிட்டரில் கம்பெனியின் புது வெப்சைட் திறந்திருந்தது. வலது பக்கம் ஜம்மென்று நிற்கவேண்டிய மெனு, பக்கத்தின் அடியில் போய்ப் படுத்துக் கிடந்தது. அது இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று வெற்றிடம். முதலாளி முனிவேலின் போட்டோ மட்டும் நடப்பது எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"இப்பத்தானே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நல்லா நின்னுச்சு?"

"அங்க நின்னா சரியாப் போச்சா? இங்க நிக்கலையே. ரிஜெக்ட்!" ராஜாத்தி ஒரு சிவப்பு அட்டையை எடுத்து மானிட்டரின் தலையில் நூல் போட்டுக் கட்டினாள்.

ராஜாத்தி அந்த ரப்பர் கம்பெனியின் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஓசூர் சிப்காட்டில் அவள் கையெழுத்து இல்லாமல் முனிவேல் ரப்பரிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை. 'கேட்டைத் தாண்டற சாமான் எதுவா இருந்தாலும் அளந்துதான் போவணும்' என்பது முதலாளி போட்ட சட்டம். வெப்சைட் கேட்டை மட்டுமா தாண்டுகிறது, கடலையே தாண்டுகிறதே! அதையும் அளந்துவிடச் சொல்லிவிட்டார். ராஜாத்தி ஸ்டீல் ஸ்கேலைத் திரைமேல் வைத்து மெனுவை அளந்தாள். ஒரே மெனு ஒவ்வொரு மானிட்டரிலும் ஒவ்வொரு அளவு காட்டியது. அசரவில்லை அவள். கம்பெனியில் இருந்த மூன்று மானிட்டருக்கும் மூன்று படிவம் போட்டு, கூடக்குறைய இரண்டு மில்லிமீட்டர் போகலாம் என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டாள். சிரிக்காதீர்கள். அந்தக் கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்கிற நிலைமையிலா இருந்தார்கள்? எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்துப் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனி புதிதாக ஒரே ஒரு ரப்பர் கம்பெனிக்கு ஆர்டர் தரப் போகிறது. அங்கிருந்து பர்ச்சேஸ் ஆபீசர் சாந்தம்மா வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வருகிறார். வெப்சைட் இருந்தாக வேண்டும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஆர்டர் வந்தால் செகண்ட் ஷிப்ட் ஓடும். வராவிட்டால் அடுத்த மாதம் செகண்ட் ஷிப்டுக்குப் பூட்டு. அதில் வேலை பார்க்கிற இருபத்திரண்டு பெண்களில் ஒருத்தி சூசைமேரி, அற்புதராஜின் மனைவி.

அற்புதராஜோ ஸ்டோர்ஸ் கிளார்க். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று மாதம் வெப் டிசைன் படித்தேன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அதோடு மாட்டிக்கொண்டான். ஆனால் மனுஷனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷிதான். இரண்டாயிரத்தாறில் சிப்காட்டில் எத்தனை பேருக்குத் தன் கையால் செய்த பக்கத்தை உலகத்துக்கே காட்டக் கிடைக்கும்?

திங்கட்கிழமை காலையில் முதலாளி லெட்டர்பேடிலேயே வெப்சைட் அட்ரஸை அச்சடித்து சாந்தம்மாவுக்கு பேக்ஸும் அனுப்பிவிட்டார். அன்றைக்கே மெனு விழ ஆரம்பித்தது; ராஜாத்தி அந்த முதல் சிவப்பு அட்டையைக் கட்டியதும் அன்றைக்குத்தான்.

"அண்ணா, இதைச் சரி பண்ணிடுவீங்கல்ல?"

"பத்தே நிமிஷம். பாத்துக்கிட்டே இரு!"

மெனுவின் அகலத்தைக் கொஞ்சம் குறைத்தான். மாற்றியதை அப்படியே இன்டர்நெட்டில் ஏற்றினான். ஏற்றினால்தான் மற்ற கம்ப்யூட்டர்களில் பார்க்க முடியும் என்பது அவன் கற்ற பாடம். ஸ்டோர்ஸில் மெனு எழுந்து நின்றது. "நின்னுடுச்சு, நின்னுடுச்சு!" என்று ராஜாத்தி கைதட்டினாள்.

முதலாளி ரூமிலிருந்து மணி அடித்தது.

அங்கே இருந்தது புது பதினேழு இஞ்ச் தட்டை மானிட்டர். இன்டர்நெட் பார்க்க, எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாக யாரோ ஃபயர்ஃபாக்ஸ் வேறு போட்டுக் கொடுத்திருந்தார்கள். "என்னாப்பா இது? என் போட்டோவுக்கும் மெனுவுக்கும் நடுவுல ஒரு லாரியே போவும்போல இருக்குது! நான் ஒரு பக்கம், கம்பெனி ஒரு பக்கமா?"

செவ்வாய்க்கிழமை, பக்கத்தையே முதலாளியின் மானிட்டருக்கு அளவெடுத்துத் தைத்தான். அவர் திரையில் அம்சமாக உட்கார்ந்தது. அவரும் தோளில் தட்டிக் கொடுத்தார். தட்டிய கை இறங்குவதற்குள் ஸ்டோர்ஸிலிருந்து சத்தம்.

"அண்ணா! போன் நம்பர் பாதிதான் தெரியுது! மீதி செவுத்துக்கு அந்தாண்ட போயிடுச்சு!"

ரிஜெக்ட். இன்னொரு சிவப்பு அட்டை.

புதன்கிழமை அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. எழுத்து, மெனு, போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாக்கிவிட்டால் எது விழும்? எப்படி விழும்? படத்துக்குள் ஒட்டிய மெனு எங்கே ஓடிவிடும்? அந்த யோசனை வந்த சந்தோஷத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்துவிட்டான்.

விழவில்லைதான். வரவும் இல்லை. முதலாளி ரூமில் எல்லோரும் கூடி நின்றார்கள். முதலில் முதலாளியின் நெற்றி வந்தது. டீ வந்தது. டீ குடித்து முடித்தபோது புருவம் வந்தது.

"மூக்கு எப்ப வரும்?" என்றார் முனிவேல்.

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

"சாந்தம்மா ரிட்டயர் ஆவறதுக்குள்ள வந்துருமா?"

வியாழக்கிழமை காலையில் அந்தப் பெரிய படத்தைப் பன்னிரண்டு துண்டாக நறுக்கி, கட்டம் கட்டி ஒட்டினான். மளமளவென்று வந்தது. ஸ்டோர்ஸில் ஓகே. ஆபீஸில் ஓகே. கடைசியாக முதலாளி ரூமுக்குள் ஸ்கேலோடு போன ராஜாத்தி அலறினாள்.

"கிராக்! கிராக் வுட்டுருக்குதுண்ணா!"

ஃபயர்ஃபாக்ஸில் துண்டுக்குத் துண்டு மெல்லிய வெள்ளைக் கோடு. அதில் ஒன்று முதலாளியின் மூக்குக்கும் மீசைக்கும் நடுவே நேராக ஓடியது.

"ரப்பர்ல கிராக் வுட்டா எவனாச்சும் வாங்குவானா? ரிஜெக்ட்!"

ஒரு ரூமில் ரிஜெக்ட் என்றால் எல்லா ரூமிலும் ரிஜெக்ட்; இப்போது மூன்று மானிட்டரும் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டு நின்றன. முனிவேல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அந்தம்மா வந்து இந்த மூஞ்சியப் பாத்தா, ஆர்டரா குடுப்பாங்க? மாவுக் கட்டுத்தான் போடச் சொல்லுவாங்க!"

அற்புதராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த இருபத்திரண்டு பேர் முகத்திலும் எப்படி முழிப்பது? சூசைமேரியிடம் என்னவென்று சொல்வது? படத்தையெல்லாம் தூக்கி எறிந்தான். முதலிலிருந்து தொடங்கினான். இருப்பதிலேயே சின்னத் திரை ஸ்டோர்ஸ் மானிட்டர்தானே, பக்கத்தை அதற்குள் அடங்குகிற அளவில் செய்தான். பெரிய திரையில் அது நடுவில் நிற்கும்படி வைத்தான். ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் இருந்த எக்ஸ்ப்ளோரர் மட்டும் எதையும் கொஞ்சம் அகலமாகவே எடுத்துக்கொண்டு மெனுவைக் கீழே தள்ளுகிறது என்று பிடிபட்டதும், அதற்கென்று தனியாக நாலு வரி எழுதிச் சேர்த்தான். சாயங்காலம் நாலரை மணிக்கு ஏற்றினான்.

"ஆபீஸ்?"

"நிக்குதுண்ணா!"

"ஸ்டோர்ஸ்?"

"நிக்குது!"

"சார் ரூம்?"

நாற்காலி சரிகிற சத்தம் கேட்டது. பிறகு முனிவேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடிவந்தார். "நிக்குதுடா! கிராக் இல்ல, சந்து இல்ல, கல்லு மாதிரி நிக்குது!"

ராஜாத்தி மூன்று அறையிலும் அளந்தாள். மூன்று சிவப்பு அட்டையையும் அவிழ்த்துவிட்டுப் பச்சை அட்டை கட்டினாள். செகண்ட் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்த சூசைமேரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அற்புதராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி முதல் வேலையாக அவனைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீ கம்ப்யூட்டர் இருக்கற தெசைக்கே வரப்படாது. உன் கை பட்டுதுன்னா திரும்பவும் எதாச்சும் வுழும். மேடம் போற வரைக்கும் நீ கேட்ல நில்லு. அவங்க என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறன்."

சரிதான் என்றுதான் அற்புதராஜுக்கும் பட்டது. கேட்டில் போய் நின்றான். பதினோரு மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. அவனே கேட்டைத் திறந்துவிட்டான். சாந்தம்மா இறங்கி விறுவிறுவென்று உள்ளே போனார். டிரைவர் காரைத் திருப்பிக் கேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

இருபது நிமிஷம் ஆனது. அற்புதராஜ் கேட்டுக்கும் நிழலுக்குமாக முப்பது தடவை நடந்திருப்பான். ராஜாத்தி மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"நின்னுச்சா?" என்றான்.

"நின்னுச்சுண்ணா! மூணு ரூம்லயும் நின்னுச்சு. மேடமும் 'சென்னாகிதே, நல்லா இருக்குது'ன்னாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"சிரிச்ச மொகமே இல்லண்ணா அவங்களுக்கு. பேஜையே வெறிச்சுப் பாத்துட்டு, 'இதைச் செஞ்ச ஆள் யாரு? அவரைக் கூப்பிடுங்க'ன்னு கறாரா கேட்டாங்க. என்னமோ தப்பக் கண்டுபுடிச்சுட்டாங்கன்னு சார் நடுங்கிட்டாரு."

"நடுங்கிட்டு?"

"'அவனால ஒரே தொந்தரவுங்க மேடம், நேத்தே வேலைய வுட்டுத் தூக்கிட்டோம்'னு சொல்லிட்டாரு." ராஜாத்தி கையிலிருந்த ஸ்கேலைத் தொங்கவிட்டாள். "அவங்க பேனாவை மூடிட்டாங்கண்ணா. கையெழுத்து போடலை. 'யோசிச்சுச் சொல்றோம்'னு எழுந்துட்டாங்க. செகண்ட் ஷிப்ட் அவ்வளவுதான்."

அற்புதராஜ் கேட்டைப் பிடித்துக்கொண்டான். நாலு நாள் நாயாய் உழைத்து, மூன்று திரையிலும் நிற்கவைத்து, கடைசியில் என்ன தப்பை அந்தம்மா பார்த்தார்? எங்கே, எது விழுந்தது? ஒன்றுமே விளங்கவில்லை.

சாந்தம்மா படி இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் முனிவேல் கைகளைப் பிசைந்துகொண்டே வந்தார்.

டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "கேட்டைத் தொறங்கண்ணா. ஆமா, யாரையோ வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு இந்த அக்கா சொல்றாங்களே, யாரை?"

"வெப்சைட் செஞ்ச ஆளை" என்றான் அற்புதராஜ், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

"அய்யோ, கெடுத்தீங்களே! திங்கக்கிழமையிலேர்ந்து எங்க ஆபீஸ்ல டீ நேரத்துக்கு உங்க பேஜ்தாண்ணா வேடிக்கை. 'வுழ வுழத் தூக்கி நிறுத்தறாரே, இந்த மாதிரி ஆளு இருக்கற கம்பெனிக்குத்தான் ஆர்டர்'னு மேடம் நேத்தே முடிவு பண்ணிட்டாங்க. அவரைக் கண்ணால பாத்துட்டுக் கையெழுத்துப் போடத்தான் இன்னிக்கு இவ்ளோ தூரம் வந்ததே!"