மூன்று அடுப்பும் ஏழு மீன்களும்

தன் இரண்டு கைகளை வைத்தே பிழைத்துக்கொண்டு, மனிதனுக்குக் கை என்ற ஒன்றே தேவையில்லை என்று சொல்லித் திரிந்த ஆளை இந்த உலகத்தில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். காரைக்குடியில் கடிகாரம் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். பெயர் தெரியாது. கடைப் பலகையில் இருந்த பெயரை வெயில் தின்றுவிட்டது. எதுவும் 'தானா நடக்கணும்' என்பது அவருடைய ஒரே கொள்கை என்பதால், பக்கத்துத் தெரு தமிழ் வாத்தியார் அவருக்குத் 'தானியங்கி' என்று பெயர் வைத்தார். கிண்டலாகத்தான் வைத்தார். இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

அறுபதுகளின் கடைசி. நான் பத்திரப் பதிவு ஆபீஸில் குமாஸ்தா, கல்யாணமாகாதவன், அவர் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தேன். சுபாவத்திலேயே நான் பதறுகிறவன். தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று எழுந்து நிற்பேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்த் தானியங்கியின் தலைக்கு மேலே குடிவைத்தது எந்த ஜென்மத்துப் பாவமோ தெரியவில்லை.

முதல் நாளே கண்ணாடி போயிற்று. அவர் கடை வாசலில் ஒரு பலகை கிடக்கும். அதை மிதித்தால் மேலேயிருந்து ஒரு பனை விசிறி இறங்கி, வந்தவருக்கு வீசும். நான் மிதித்தேன். விசிறி வீசவில்லை, அறைந்தது. என் மூக்குக் கண்ணாடி பறந்து தெருவில் விழ, அந்த வழியாக வந்த மாட்டு வண்டி அதன்மேல் ஏறிப் போனது. நான் குருடனைப் போலத் தடவிக்கொண்டு நிற்கிறேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒற்றைக் கண்ணில் இடுக்கிய லென்ஸோடு விசிறியின் ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"ஒரு சுத்து கூடிப்போச்சு தம்பி" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் அவர் அகராதியில் கிடையாது.

அடுத்தது வாசல் தெளிப்பு. அலாரம் கடிகாரத்தோடு ஒரு வாளியைக் கட்டி, காலை ஐந்தரைக்கு வாசலில் தண்ணீர் தானாக விழும்படி செய்திருந்தார். விழுந்தது. தெருவே வியந்தது. அலாரம் கடிகாரத்துக்குக் காலை ஐந்தரையும் ஒன்றுதான், மாலை ஐந்தரையும் ஒன்றுதான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அன்று மாலை, மறுநாளுக்காக வாளியை நிரப்பி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். சரியாக ஐந்தரைக்குப் பட்டு வேட்டியும் சந்தனமுமாக, அடுத்த தெருக் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் சீர்த்தட்டுகளோடு கடையைக் கடந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் ஒரு வாளித் தண்ணீர் இறங்கியது. நான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தானியங்கி ஓடி வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவரிடம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்: "பாருங்க, ஒரு நொடி தப்பலை!"

இந்த மனுஷரிடம் உயிருள்ள எதையாவது யாராவது ஒப்படைப்பார்களா? பெரியாச்சி ஒப்படைத்தார்.

பெரியாச்சி வீடு எங்கள் தெருக்கோடியில், முகப்பிலிருந்து பார்த்தால் பின்வாசலில் நிற்கும் ஆள் விரல் உயரம் தெரிகிற வீடு. அண்ணன் தம்பி மூன்று பேரும் வெளிநாட்டில் தொழில். மூன்று பேரின் மனைவிகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அங்கத்து வழக்கப்படி கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அடுப்பு வைத்துவிடுவார்கள். ஒரே கூரை, ஒரே கிணறு, மூன்று சமையல். பெரியாச்சி, நடு ஆச்சி, சின்னாச்சி மூவரும் நாள் முழுக்கச் சிரித்துப் பேசுவார்கள். ஆனால் ஓர் அடுப்பின் விஷயத்தில் இன்னோர் அடுப்பு தலையிடாது. கரண்டிகூடக் கைமாறாது.

பெரியாச்சியின் கணவர் போனமுறை வந்தபோது மதராஸிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் ஏழு தங்க மீன்களும் வாங்கி வந்து வீட்டின் நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் பினாங்குக்குக் கப்பல் ஏறினார். மாசி மாதம் திரும்புவதாக இருந்தது. அதற்குள் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோவதாக ஆச்சிக்கு வேண்டுதல். நடந்து போய் பஸ்ஸில் திரும்ப எட்டு நாள். தானியங்கியைக் கூப்பிட்டு அனுப்பினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"அவுக கடுதாசியில மொத வரியே மீனெல்லாம் சௌக்கியமான்னுதான் இருக்கும். நான் சௌக்கியமான்னு கேக்குறது கடைசி வரி. இதுல ஒண்ணு கொறைஞ்சா நான் என்னன்னு பதில் எழுதுவேன்? ஏம்ப்பா, கை படாமச் சோறு போடுற மிஷினு ஒண்ணு உன்னால செய்ய முடியுமா?"

தானியங்கிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "வீட்டுல இத்தனை பேர் இருக்காங்களே ஆச்சி, அவுக போட மாட்டாகளா?" என்றேன்.

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் சமையக்காரம்மா கைக்கு அளவு தெரியாது. அடுத்த அடுப்புல போயி என் மீனுக்குச் சோறு போடுங்கன்னு நான் கேக்கவா?"

தானியங்கி எழுந்து நின்றார். "ஆச்சி, நீங்க நிம்மதியா நடந்து போயிட்டு வாங்க. ஒரு மீனு மல்லாந்தாலும் கடையைச் சாத்திப்புட்டு இந்த ஊரை விட்டே போயிருவேன்."

எனக்குப் பகீரென்றது. ஊரில் அவருக்கு இருந்தது அந்த நாலடிக் கடையும், கடிகாரம் பார்ப்பதில் இருந்த நல்ல பெயரும்தான். இரண்டையும் ஏழு மீன்களின் வாலில் கட்டிவிட்டார்.

எட்டு நாள் சாவி தாங்கும் சுவர்க் கடிகாரம் ஒன்றை எடுத்தார். காய்ந்த கூனி இறாலை வாங்கி இடித்துப் பொடி செய்தார். அந்த வாசனைக்குத் தெருப் பூனைகள் அத்தனையும் கடைக்கு வந்து, ரிப்பேருக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்துகொண்டன. முதல் சோதனையில், மணியடிக்கும் சுத்தியலோடு பொடி டப்பாவைக் கட்டினார். ஒரு மணிக்கு ஒரு சிட்டிகை விழுந்தது. அழகாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு சிட்டிகை விழுந்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. "அண்ணே, ஒரு நாளைக்கு நூத்தைம்பத்தாறு வேளை! யானைக்குக்கூட இது ஆகாது!" என்று கத்தினேன்.

"யோசிக்க விடுங்க தம்பி" என்றார்.

வாளி சம்பவம் வீண்போகவில்லை. ஒரு பல்சக்கரம் கூடுதலாகச் சேர்த்து, காலை எட்டையும் ராத்திரி எட்டையும் பிரித்தார். வட்டமான பிஸ்கட் டப்பாவில் எட்டு அறை. காலை எட்டுக்கு ஓர் அறை திறக்கும், ஒரு சிட்டிகை விழும், மறுநாள் எட்டுவரை மூடிக்கொள்ளும். நான் மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

ஆச்சி புறப்பட்டுப் போன நாலாம் நாள் காலை, பெரியாச்சி அடுப்படிச் சமையல்கார அம்மா தலைவிரி கோலமாகக் கடைக்கு ஓடி வந்தார். "மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது! ஒண்ணு மல்லாந்துருச்சு! சீக்கிரம் வாரீகளா?"

ஓடினோம். தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்திருந்தது. ஆறு மீன்கள் மேலே வந்து திணறின. ஏழாவது வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. தானியங்கி டப்பாவைத் திறந்தார். நாலு அறை காலி, நாலு அறை நிறைவு. கணக்காகச் சரி. கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். அதுவும் சரி. செத்த மீனை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். எந்த விபத்திலும் ஸ்பிரிங்கையே பார்க்கிற மனிதர் அன்று மீனைப் பார்த்தார்.

மற்ற ஆறையும் அண்டாவுக்கு மாற்றிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் தொட்டியைக் கழுவினோம். அடியில் கிடந்த சேற்றை அவர் விரலால் கிளறினார். சோற்றுப் பருக்கை. பொரி. அப்புறம், எண்ணெயில் பொரித்த சீயம் ஒரு துண்டு. என் மிஷினில் சீயம் ஏது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

மறுநாள் ஏழரைக்கே போய், கூடத்தில் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்கும் தேக்குத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். எட்டு அடித்தது. டப்பா திரும்பியது, பொடி விழுந்தது, மீன்கள் தின்றன. கை தட்டப் போனவனை அவர் பிடித்து அமுக்கினார்.

கொஞ்ச நேரத்தில் சின்னாச்சி வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். முந்தானையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துப் போட்டார். "இரும்பு போட்டதை எத்தனை நாளு தின்பீக? தின்னுங்க, தின்னுங்க. நான் போட்டேன்னு யார்ட்டயும் சொல்லிறாதீக" என்று மீன்களிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் நடு ஆச்சி. ஒரு கை பொரி. "அக்கா இல்லாத வீட்டுல பட்டினி கெடக்கீகளே" என்று மூக்கைச் சிந்தினார். அடுத்து, நேற்று அழுதுகொண்டு ஓடி வந்த அதே சமையல்கார அம்மா. கையில் சூடான சீயம்.

மூன்று அடுப்பும் மூன்று வேளை போட்டிருக்கின்றன. அடுத்த அடுப்பின் விஷயம் என்பதால் மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாமல் போட்டிருக்கின்றன. நான் தூணை விட்டுக் குதிக்கப் போனேன். "அண்ணே, கையும் களவுமாப் பிடிச்சாச்சு! உங்க மிஷின் மேல தப்பே இல்ல!"

அவர் என் வாயைப் பொத்தினார். "பேசாம இருங்க தம்பி. நடு ஆச்சி போட்டதுலதான் மீனு செத்துச்சுன்னு ஒரு பேச்சு வரும். இல்ல, சின்னாச்சி போட்டதுன்னு இன்னொரு பேச்சு வரும். பெரியாச்சி வீட்டுக்காரரு மாசியில வந்தா மூணாவது பேச்சு வரும். ஒரு மீனு போனது போதாதா? வீடும் போகணுமா?"

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் எட்டு மணிக்குக் கடிகாரத்தை நிறுத்தினார். கூடத்தின் நடுவில் நின்று, தன் கையால், தன் சொந்தக் கையால், பொடியைக் கிள்ளிப் போட்டார். பிறகு மூன்று அடுப்படிக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "சாப்பிட்டாச்சு! ஆறு பேரும் வயிறு நெறையச் சாப்பிட்டாச்சு! இனி ஒரு வாய் கொள்ளாது!"

மனுஷன் கையால் சாப்பிட்டதாகத் தெரிந்ததும் மூன்று பெண்களுக்கும் மனம் ஆறிவிட்டது. யாரும் வரவில்லை. மீதி நாளெல்லாம், கையே தேவையில்லாத மிஷினுக்கு அதைச் செய்தவரே தினமும் வந்து கைகொடுத்தார். மீன்கள் அவர் விரலை வந்து கொத்தும். கூச்சத்தில் நெளிவார். ஒருநாள் சிரிக்கக்கூடச் சிரித்தார்.

பெரியாச்சி பஞ்சாமிர்தத்தோடு திரும்பினார். நேரே தொட்டிக்கு வந்து எண்ணினார். "ஒண்ணைக் காணோமே?"

ஆளுக்கொரு தூணோரம் நின்றிருந்த நடு ஆச்சி, சின்னாச்சி, சமையல்கார அம்மா மூவர் முகத்திலும் ரத்தமில்லை.

"மிஷினு தப்புப் பண்ணிருச்சு ஆச்சி" என்றார் தானியங்கி. "கடியாரம் ஓட்டம் பெசகி ஒரே நாள்ல நாலு வாட்டி கொட்டிருச்சு. என் வேலைதான் சரியில்ல."

கண்ணாடி உடைத்ததற்கும் சம்பந்தியை நனைத்ததற்கும் மன்னிப்புக் கேட்காத வாய், செய்யாத தப்புக்குக் கேட்டது. தன் கடிகாரம் பிசகிவிட்டது என்று ஒரு கடிகாரக்காரர் நாலு பேர் முன்னால் சொல்கிறார்.

சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் காலை கடையைச் சாத்தி, தகரப் பெட்டியோடு கிளம்பிவிட்டார். நான் கெஞ்சிக்கொண்டே பின்னால் போனேன். பஸ் நிலையத்துக்குப் போகும் வழி பெரியாச்சி வீட்டைத் தாண்டித்தான். முகப்பில் சின்னாச்சி மறித்தார்.

"எங்கே போறீக? வெறும் வயித்தோடயா? ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தார். ஆறு இட்லி. கை கழுவி எழுந்தால் நடு ஆச்சி நிற்கிறார். "அங்குட்டுச் சாப்பிட்டா இங்குட்டு வேண்டாமா? என் அடுப்பு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" ஒரு தட்டு பணியாரம். அது முடிந்ததும் சமையல்கார அம்மா சீயத்தோடு வந்தார். மூவரும் அவர் முகத்தைப் பார்க்காமல் இலையைப் பார்த்தே பரிமாறினார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. தானியங்கி தூணில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"மீனு பட்ட பாடு இப்பத்தான் தெரியுது தம்பி" என்றார் என் காதில்.

பெரியாச்சி வந்து பார்த்தார். ஓரகத்திகளைப் பார்த்தார், சீயத் தட்டைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, எனக்குத் தெரியாது. "செத்ததுக்கு ஊரை விட்டுப் போறவன், பொழைச்ச ஆறுக்கு யாரைச் சோறு போடச் சொல்ற? போயிக் கடையைத் தொறப்பா" என்றார்.

திறந்தார். ஆனால் நாலு வாட்டி கொட்டிய கடிகாரத்தின் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பல வருஷம், கடிகாரம் கொடுக்க வந்தவனெல்லாம் "அண்ணே, இதுவும் நாலு வாட்டி அடிக்குமா?" என்று கேட்டுச் சிரித்தான். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நான் வாயைத் திறந்தால் மட்டும் லென்ஸ் வழியாக ஒரு பார்வை பார்ப்பார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இன்று அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்று ஆச்சிகளும் இல்லை, சண்டை போட ஆளில்லை. தானியங்கியும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனவே இத்தனை பேர் முன்னால் சத்தியத்தை மீறுகிறேன். அந்தக் கடிகாரம் ஒரு நொடிகூடத் தப்பவில்லை. கோவிச்சுக்கிறாதீக அண்ணே, இதுக்கு மேல என்னால அடக்க முடியல.