மாமாவின் பெயர் எழுதிய கதிரை

கல்முனைக்குடி,
30.01.2025

அன்பின் மச்சான் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். டோஹாவில் நீங்களும் தங்கச்சி றஸ்னாவும் பிள்ளைகளும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே உங்கள் ராத்தா ஸுஹைறா சுகம், மகள் அப்ரா சுகம், வளவில் மாமா வைத்துவிட்டுப் போன ஏழு தென்னையும் சுகம். சுகமில்லாதவர்களின் பட்டியலில் நான் ஒருவன்தான், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வட்ஸ்அப் இருக்கும்போது இவர் ஏன் கடுதாசியில் எழுதி, டோஹாவுக்கு வருகிற நிப்றாஸின் பயணப் பெட்டிக்குள் திணித்து அனுப்புகிறார் என்று யோசிப்பீர்கள். போன மாதம் தண்ணீர்த் தாங்கி உடைந்ததைப் பற்றி உங்களுக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினேன் அல்லவா, அதைக் கேட்டுவிட்டு றஸ்னா, "முஸ்தாக் காக்கா ஏன் ஓடி ஓடிக் கதைக்கிறாரு?" என்று கேட்டதாக உங்கள் ராத்தா சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் அப்போது கட்டிலில் படுத்திருந்தேன், மச்சான். எழுத்தில் மூச்சு வாங்குவது ஒருவருக்கும் கேட்காது, அதனால் எழுதுகிறேன். இவ்வளவு நீளமான வசனங்களை வாயால் சொல்லிப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது, ஆசைக்காவது கொஞ்சம் நீட்டி எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

எனக்குக் கொவிட் மூன்று தரம் வந்தது. முதல் தரம் 2020 டிசம்பரில், கொவிட்டில் போன நம்முடைய ஜனாஸாக்களை அடக்க விடாமல் அரசாங்கம் எரித்துக்கொண்டிருந்த நாட்களில். காய்ச்சல் என்று வாய் திறக்கப் பயந்து, பின்னறையில் பதினொரு நாள் போர்வையைக் கடித்துக்கொண்டு இருமினேன். இரண்டாம் தரம் அடுத்த ஆகஸ்டில், அப்போது ஊரே படுத்திருந்தபடியால் யாரும் என்னை விசாரிக்கவில்லை, விசாரிக்காதவர்களின் பெயர்கள் எனக்கு ஞாபகமிருக்கிறது. மூன்றாம் தரம் ஊரெல்லாம் கொவிட்டை மறந்து கலியாண வீடுகளில் ஒரே சஹனில் ஆறு பேர் இருந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு, ஒரு வலீமா விருந்தில் எனக்கு மட்டும் வந்தது. அந்தச் சஹனில் என் வலப்பக்கம் இருந்து இரண்டு தரம் தும்மியவர் ஹாட்வெயார் கடை முபாறக். இதற்குச் சாட்சி இல்லை, ஆனால் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவனுக்கு நிகழ்தகவு தெரியும்.

மூன்றாவதோடு உடம்பு என்னை விட்டுவிட்டுப் போனது. காய்ச்சல் ஆறு நாளில் போய்விட்டது, களைப்பு போகவில்லை. பல் விளக்கினால் குந்தி இருக்க வேண்டும், குளித்தால் படுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டு வகுப்பு மேல்மாடியில். பதினெட்டுப் படி. ஒருநாள் ஒன்பதாவது படியில் இருந்துவிட்டேன், பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நித்திரை கொள்ளும் ஆளைத் தாண்டுவது போல் மரியாதையாகத் தாண்டிப் போனார்கள். அடுத்த கிழமையே அதிபர் என்னைக் கீழ்மாடிக்கு இறக்கி ஆறாம் ஆண்டைத் தந்தார். வட்டத்தின் தேற்றங்களைப் படிப்பித்தவன் இப்போது பின்னத்துக்கு மாம்பழம் வெட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அதையும் நான் மறக்கப் போவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாப்பா, என் மாமா, மௌத்தான வருடம் அவருடைய பெயரில் நீங்கள் பள்ளிவாசலுக்குப் பன்னிரண்டு பிளாஸ்டிக் கதிரை வக்பு செய்தீர்கள். நல்ல காரியம், நன்மை எழுதப்படட்டும். ஆனால் அதன் முதுகில் மாமாவின் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்னது யார்? இருபத்திரண்டு வருடம் அந்த மனிதருக்கு முன்னால் நான் சாய்ந்து இருந்ததில்லை. அவர் கட்டித் தந்த வீட்டில் குடியிருந்துகொண்டு அவரோடு கதைக்காமல் ஆறு வருடம் இருந்தவன் நான். இப்போது ஐந்து நேரமும் 'முகைதீன்பாவா ஹாஜியார்' என்ற பெயரில் முதுகை வைத்துக்கொண்டு தொழுகிறேன். மேலே இருந்து பார்த்தால் அவருக்கு என்ன சந்தோசமாக இருக்கும்.

முன் ஸப்பில், முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னால் நின்றவன் நான். நான் படுத்த நாளில் அந்த இடத்துக்கு முபாறக் வந்தார். நான் திரும்பி வந்தபோது இடத்தைத் தரவில்லை, கதிரையைத் தந்தார். தானே தூக்கிக்கொண்டு வந்து, சால்வையால் துடைத்து, ஸப்பின் தொங்கலில், கடைசி ஓரத்தில் வைத்து, "இரிங்க சேர்" என்றார். அன்றிலிருந்து ஒரு நேரம் தவறுவதில்லை. நான் செருப்பைக் கழற்றும்போதே கதிரை வந்துவிடுகிறது. கதிரை கிடக்கும்போது நின்று தொழுதால் பெருமைக்காரன் என்பார்கள், இருந்தால் வருத்தக்காரன், நோயாளி என்பார்கள். ஐம்பத்தி நாலு வயதில் எண்பது வயதுக்காரர்களோடு வரிசையாக இருக்கிறேன், அவர்கள் என்னிடம் மூட்டு வலிக்கு எண்ணெய் விசாரிக்கிறார்கள்.

மச்சான், மற்றதெல்லாம் போகட்டும். எனக்கு ஸுஜூது வேண்டும். கதிரையில் இருப்பவனுக்கு ஸுஜூது இல்லை, கொஞ்சம் குனிகிறான், அவ்வளவுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே போகும்போது நான் மட்டும் மேலே முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாயில் நெற்றி படுகிற அந்தக் குளிர்ச்சி, காதுக்குள் தன்னுடைய மூச்சே கேட்கிற அந்த அமைதி, எழும்பும்போது பக்கத்து ஆளின் தோள் வந்து தோளில் முட்டுகிற சூடு, இதெல்லாம் இருந்த காலத்தில் எனக்கு இருப்பதே தெரியாது. இப்போது வீட்டில் கதவைச் சாத்திவிட்டுச் சும்மா பாயில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடக்கிறேன். அப்ரா ஒருநாள் பார்த்துவிட்டு வாப்பா விழுந்திட்டார் என்று கத்திவிட்டாள்.

டொக்டர் கஜனியிடம் போனேன். டியூட்டரியில் என்னிடம் கணக்குப் படித்தவர், நெஞ்சுப் படம், இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு நோய் ஒன்றும் தெரியவில்லை, களைப்பு மட்டும்தான் என்றார். மட்டும்தானாம். விடிய நடக்கச் சொன்னார், ஆனால் வீரம் காட்டி நடக்கக் கூடாது, கூட நடந்தால் இரண்டு நாள் கழித்துக் கட்டிலில் போடும் என்றார். அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நடக்கக்குள்ள கதைக்க ஏலுமா எண்டு பாருங்க சேர். கதைக்க ஏலாட்டி நில்லுங்க. அவ்வளவுதான் மருந்து."

மருந்து நல்லதுதான், யாரோடு கதைப்பது? ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு நம்முடைய கடற்கரையில் நடக்கிற ஆட்களை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் என் பதவி உயர்வுக் கடிதத்தை ஒன்பது மாதம் மேசை லாச்சிக்குள் வைத்திருந்த பழைய அதிபர். மற்றவர் பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்த காற்சட்டையைக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே முடித்துவிட்டு, அதுதான் சுன்னத் என்று சொன்ன தையற்காரர். மற்றவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ஒருவரோடும் எனக்குக் கதை இல்லை. ஸுஹைறா கூட வந்தாள், அவளோடு நடந்தால் எனக்குக் கதைக்க முடிகிறதா என்று பார்க்க முறை வரவில்லை. கடைசியில் தனியாக நடந்துகொண்டு வாய்விட்டு பைதகரசின் தேற்றத்தைச் சொல்லத் தொடங்கினேன். 'செங்கோண முக்கோணியொன்றின் செம்பக்கத்தின் மீது வரையப்படும் சதுரத்தின்' வரைக்கும் போவேன், 'பரப்பளவு' வராது, நின்றுவிடுவேன். கரைவலை இழுத்தவர்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முஸ்தாக் சேருக்குத் தலை பிசகிவிட்டது என்று செய்தி நான் வீட்டுக்கு வருமுன் வீட்டுக்கு வந்துவிட்டது.

நாலாம் நாள் விடிய முபாறக் பக்கத்தில் வந்து நடக்கிறார். தனிய நடக்கப்படாதாம். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பத்து யார் தூரம் போனதும் எனக்குத் தாங்கவில்லை. 1995 ஆம் ஆண்டு சொப்ட்போல் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் நடுவராக நின்று எனக்கு ரன் அவுட் கொடுத்தவர் இவர்தான், மட்டை கோட்டுக்கு உள்ளே இருந்தது, அதைக் கேட்டேன். பிறகு கடை முகட்டுத் தண்ணீர் என் வளவுக்குள் விழுவதைக் கேட்டேன். பிறகு வலீமாவில் தும்மியதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே போனதில் மூச்சு அடைத்துவிட்டது. அவர் நின்றார்.

"நில்லுங்க சேர். மூச்செடுங்க. மறுகா ஏசுங்க."

மூச்சு வந்த பிறகு ஏசட்டுமாம், எவ்வளவு திமிர் பாருங்கள். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். டொக்டர் சொன்ன கணக்கு இப்படித்தான் சரிவந்தது, ஏச முடிந்த வரைக்கும் நடை, ஏச முடியாவிட்டால் ஓய்வு. முதல் கிழமை மீன் வாடி வரைக்கும் ஏசினேன். ஒரு மாதத்தில் பாண்டிருப்பு எல்லை வரைக்கும் ஏசினேன். இடையில் ஒருநாள், "ஓம் சேர், அது அவுட் இல்லத்தான்" என்று அவர் சும்மா ஒத்துக்கொண்டுவிட்டார், அந்தச் சந்தோசத்தில் வேகமாக நடந்து நாலு நாள் கட்டிலில் கிடந்தேன். டொக்டர் எனக்கு ஏசிவிட்டு, இனி ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று அவருக்கும் சொல்லியனுப்பினார். இன்றைக்கு விடிய, எல்லைக்குப் போய்த் திரும்பி வந்தும் என்னிடம் ஏச்சு மிச்சமிருந்தது.

ஆகவே மச்சான், நான் சுகமாகிவிட்டேன். நோன்புக்கு இன்னும் ஒரு மாதம்தான். தராவீஹ் இருபது றக்அத்தும் என்னுடைய பழைய இடத்தில் நின்று தொழப் போகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, அந்தப் பன்னிரண்டு கதிரையையும் மதரஸாவுக்கு மாற்றும்படி பள்ளிவாசல் நிருவாகத்துக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள், வக்பு செய்தவர் சொன்னால் கேட்பார்கள். இரண்டு, முபாறக் உங்களோடு படித்தவர், என் இடத்தைத் திருப்பித் தரும்படி போனில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன், எனக்கும் அவருக்கும் கதையில்லை.

றஸ்னாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். உங்கள் ராத்தா நிப்றாஸிடம் மாசிக் கருவாடும் தொதலும் கொடுத்தனுப்புகிறாள். உங்கள் மூச்சிலும் பிள்ளைகளின் மூச்சிலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
மச்சான் முஸ்தாக்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். அஸர் தொழுகைக்குப் போய் வந்தேன். மேலே கேட்ட இரண்டையும் செய்ய வேண்டாம்.

கதிரை வழமை போல் வந்தது. நான் இருக்கவில்லை, நின்றேன். இமாம் திரும்பிப் பார்த்து இடைவெளி விடாதீங்க என்றபோது முபாறக் இமாமுக்குப் பின்னால் இருக்கவில்லை, அந்த இடத்தில் வேறு யாரோ நின்றார்கள், அவர் தொங்கலுக்கு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். எத்தனை நாளாக அங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது, கதிரையில் இருப்பவன் பக்கத்தில் நிற்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு றக்அத் நின்று தொழுதேன், மச்சான். நாலு ஸுஜூது. நாலாவதில் இமாம் எழும்பச் சொன்னது கேட்டும் ஆசையில் கொஞ்சம் கூடக் கிடந்துவிட்டேன். மூன்றாவது றக்அத்துக்குக் கால் நடுங்கியது, கதிரையில் இருந்துவிட்டேன். ஸலாம் கொடுத்த பிறகு அவர் முன்னால் பார்த்துக்கொண்டே, "நோன்புக்குள்ள மூணு றக்அத் வரும் சேர், அவசரப்படாதீங்க" என்றார்.

பதில் சொல்ல எனக்கு மூச்சு இருந்தது. சொல்லவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதாக நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கு விடிய நான் நடக்க வேண்டும்.