தரைக்கல்லை வென்ற தவளையார்

வடக்கே நாங்கள் குடியேறிய கட்கியில் வாழ்ந்தோர் அனைவரையும் ஒரு தட்டிலும் தவளையாரை மறுதட்டிலும் நிறுத்தினால், பிடிவாதத்தின் எடையால் அவர் தட்டே தாழும்.

தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் குடியிருப்பின் பின்புற வெற்றுமண்ணை எவர் கடந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்வார்.

"மெதுவா நடங்க சார். கீழ ஆளுங்க இருக்காங்க."

அந்த 'ஆளுங்க', மண்ணுள் புதைந்து வாழும் தவளைகள். முதல் மழைக்கு மேலெழுந்து, தேங்கிய நீரில் முட்டையிட்டு, மீண்டும் மண்புகுந்துவிடுமாம். அவரன்றி ஒருவரும் கண்டதில்லை. ஆனி மழையில் எழும் அவற்றின் ஒலியை நீரேற்றும் மோட்டாரின் கோளாறு எனக் கருதி, ஆண்டுதோறும் பழுதுபார்ப்பவரை அழைத்தோம்.

ஓராண்டு, மழைக்கு முன் அங்கே தரைக்கல் பதிக்கக் குடியிருப்புக் கமிட்டிக் கூட்டத்தில் முன்மொழிந்தார் செயலாளரான இரும்புக்கடை பாய், தென்காசிக்காரர்.

"கல்லப் போட்டு மூடிட்டா அதுங்க எப்படி பாய் மேல வரும்?"

"மூணு வருசமா இதையே சொல்லுதிய அண்ணே. ஒரு தவளையக் காட்டுங்க, வேலைய நிப்பாட்டிருதேன்."

"நான் கூப்பிட்டா வராது பாய். மழை கூப்பிடணும்."

பின்னங்காலில் உள்ள மண்வெட்டி போன்ற தடிப்பால் தவளை பின்புறமாகவே புதையும் முறையை விளக்க, அவர் குந்தியமர்ந்து பின்னோக்கி நகர்ந்தார். மூன்று நாற்காலிகளும் பொருளாளரின் தேநீரும் கவிழ்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

மறுவாரம் ஒரு மாலையில் ஒப்பந்தக்காரர் வந்தார். மண் இறுகுவதற்காக முதலில் நீர் தெளித்து ஊறவிட்டார். அத்தொழிலின் முறை அது. பின்னர் அதிர்வு இயந்திரம் தடதடத்தது. தவளையார் ஓரத்தில் வெறுங்காலுடன் நின்றார்.

ஈரம், அதிர்வு. மண்ணுக்குள் இருப்போர்க்கு மழை என்பது வேறென்ன?

இயந்திரத்தின் முன்னே மண் விம்மியது. உருண்டை உடலும் துருத்திய விழியுமாக ஒன்று எழுந்தது. பிறகு இரண்டு, பிறகு ஐந்து. அதன்பின் எண்ணுவதை விட்டோம். ஒன்று பாயின் செருப்பிலேயே ஏறி அமர்ந்தது.

"பந்த் கரோ, பந்த் கரோ" என இந்தியில் கத்தி, இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கையசைத்த பாய், தவளையாரிடம் தணிந்த குரலில் கேட்டார்: "கீழ எத்தனை பேரு அண்ணே இருக்காவ?"

"கமிட்டிய விட மெஜாரிட்டி பாய்."

குடியிருப்பே கைதட்டியது. பாய் செருப்பைத் தவளைக்கே விட்டுக் காலை மட்டும் உருவிக்கொண்டார். கற்கள் வாகன நிறுத்தத்துக்குச் சென்றன.

தவளையார் இப்போது பக்கத்துப் பகுதியான ஔந்தில், மகள் வீட்டில், பத்தாம் மாடியில் இருக்கிறார். இவ்வாண்டு முதல் மழையன்று அவரை அழைத்து, தொலைபேசியை அம்மண்ணை நோக்கி நீட்டினேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மோட்டார் நல்லா ஓடுது சார்" என்றார்.

என் மறுகையில் செருப்புகள் இருந்தன.