கதிர்வீச்சு அண்ணனின் ஸ்பீக்கர் போன்

மதுரையிலேயே செல்போனை நல்ல பாம்பு மாதிரி பிடித்தவர் எங்கள் கதிர்வீச்சு அண்ணன் ஒருவர்தான். கையை எட்டிய மட்டும் நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஸ்பீக்கரில் கத்துவார். அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் மறந்தே போனோம்.

தல்லாகுளத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. ஒரே அறை. என் மேஜையும் அவர் மேஜையும் ஒட்டிக் கிடந்தன. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கொட்டாவி வருகிறது.

"மாப்ள, போன சட்டப்பையில வைக்காத. தலகாணிக்கு அடியில வைக்காத. சிக்னல் கம்மியா இருக்கைல பேசாத, அப்பத்தான் அது அம்புட்டு வேகமா அலையத் தள்ளும்."

"சரிண்ணே."

"சரிங்குற, பையிலதான வச்சிருக்க!"

அவர் சொன்னதில் பாதி சரிதான். போன் தள்ளியிருந்தால் உடம்பில் படும் அலை குறையும். சிக்னல் தேடும் போன் கூடுதலாக முக்கும். ஆனால் அதனால் இன்ன நோய் வரும் என்று எந்த டாக்டரும் அவரிடம் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "ஒண்ணும் ஆகாதுங்குறாரு மாப்ள. போனக் காதுல வச்சுக்கிட்டே சொல்றாரு!"

முதலில் வை-ஃபை பெட்டியைக் கழிப்பறைக்குள் மாற்றினார். வரைபடம் அனுப்ப வேண்டியவர்கள் கழிப்பறை வாசலில் லேப்டாப்போடு நின்றோம். வந்த வாடிக்கையாளர் ஒருவர், வரிசை போலிருக்கிறது என்று எங்கள் பின்னால் நின்றார். எங்கள் முதலாளி இன்ஜினியர் சார் பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

அடுத்து அண்ணன் தன் போனை எவர்சில்வர் டிபன் பாக்சில் போட்டு மூடினார். அழைப்பு போகவில்லை என்று அவர் வீட்டார் என் போனுக்கு அடித்தார்கள். "தம்பி, அவுகள கறிவேப்பில வாங்கியாரச் சொல்லுங்க" என்பார் அவர் மனைவி. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

ஒருநாள் மதியம் அவர் மகள் அழைத்தாள். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"மாமா, அப்பாகிட்ட குடுங்க."

அண்ணன் என் போனை வாங்கி, ஸ்பீக்கரை அழுத்தி மேஜையில் வைத்தார்.

"அப்பா, ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க. பெர்சனல்."

"காதுலல்லாம் வைக்க முடியாதும்மா. சும்மா சொல்லு. எல்லாம் நம்ம ஆளுகதான்."

அவளும் சொல்லிவிட்டாள். கூட வேலை பார்க்கும் அலங்காநல்லூர்ப் பையனைப் பிடித்திருக்கிறது. வேறு சாதி. அவனைத்தான் கட்டுவாளாம்.

அண்ணன் முகம் கறுத்தது. வாயைத் திறந்தவர், சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் தனியாக இருந்திருந்தால் என்ன வார்த்தை வந்திருக்குமோ, அது வரவில்லை.

கணக்குப் பார்க்கும் நூர்ஜஹான் அக்காதான் பேசினார். "அண்ணே, பிள்ள லைன்ல நிக்குது. ஏதாச்சும் சொல்லுங்க."

"பையன் என்ன படிச்சிருக்கான்?" என்றார் இன்ஜினியர் சார் தன் இடத்திலிருந்தே.

"எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ், சார்" என்றாள் மகள்.

அண்ணன் நிமிர்ந்தார். "ஃபிசிக்ஸா? அலையப் பத்தித் தெரியுமா அவனுக்கு?"

"தெரியும்ப்பா." அழுதுகொண்டிருந்தாள்.

"அழுவாத. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரச் சொல்லு." என்றார் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்னையும் இழுத்து உட்காரவைத்தார். பையன் பொறுமைசாலி. "போன் அலை எக்ஸ்ரே மாதிரி இல்ல மாமா, அம்புட்டு பயப்பட வேணாம். ஆனா தள்ளி வச்சுப் பேசுறது நல்லதுதான்" என்றான். பின்பாதி மட்டும் அண்ணன் காதில் விழுந்தது. "கேட்டுக்க மாப்ள!" என்று என் தொடையில் அடித்தார். இட்லியில் தொடங்கிய பேச்சு பிரியாணி தாண்டியும் ஓடியது. நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். விழித்தபோது எந்த மண்டபம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் நடந்தது. அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் இப்போது இருப்பவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு போன் பேசுகிறார். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

அண்ணே, ஒருநாள் ஆபீஸ் பக்கம் வாங்களேன். சத்தமாவே பேசுங்க.