புழு வளர்க்கும் மாப்பிள்ளையைப் பம்பாய்க்கு அனுப்பிய வைபவம்

மல்லேஸ்வரம், பெங்களூர்
12-6-1955, ஞாயிறு

மாதுங்காவில் மூன்றாம் மாடியில் அமர்ந்தபடி பாரத தேசம் முழுவதற்கும் கவலைப்பட்டுவரும் என் அருமை அக்கா பாகீரதிக்கு, சின்ன வயசில் உன் கையால் குட்டு வாங்கியே தலை தட்டையாகிப்போன தம்பி வெங்கடசுப்ரமணியன், தெற்கேயிருந்து வடக்குப் பார்த்து விழுந்து சேவித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சௌக்கியம். என் இடுப்பு மட்டும் சௌக்கியமில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதமே. அத்திம்பேருக்கு நமஸ்காரம். நான் நமஸ்காரம் சொன்னதை அவர் தூங்காத வேளையாகப் பார்த்துச் சொல்லு.

"சேஷகிரியை உடனே அனுப்பு, புழு வேண்டாம்" என்று நீ அடித்த தந்தி கிடைத்தது. கிடைத்தது என்ன, அதைக் கொண்டுவந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ துக்கச் செய்தி என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். உன் கோபம் எனக்குப் புரிகிறது. மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை, தை மாதம் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு, பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் அத்திம்பேர் வம்சத்து நிலத்தில் வந்து பட்டுப்புழு வளர்த்தால் எந்தத் தாய்க்கு வயிறு எரியாது? ஆனால் "இது கொலைத் தொழில், நம் குலத்துக்கு ஆகாது" என்று நீ போன கடிதத்தில் எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் கூறைப்புடவையை என்ன வெண்டைக்காய் நாரிலா நெய்தார்கள்?

சரி, சண்டை பிறகு. உன்னைவிடச் சிக்கலில் மாட்டிக்கொண்டவன் நான். ஏனென்றால் சேஷகிரிக்கு ஐப்பசியில் நிச்சயம் பண்ணிவைத்த பெண், ரமா, நான் பார்த்து முடித்த பெண். அவள் அப்பா சுந்தரராமன் எனக்குத் தெருக்கோடி சிநேகிதர். கணக்கு ஆபீஸில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ரிடையரானவர். மனைவி போனபிறகு ஒரே பெண்ணைக் கண்ணில் வைத்து வளர்த்தவர். பம்பாய் உத்தியோகஸ்தன் என்று சொல்லி நான் காட்டிய மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னாலேயே புழுக்காரனாக மாறிவிட்டால் அவர் யார் சட்டையைப் பிடிப்பார்? பிடித்தார். "ஓய், என் பொண்ணை நாற்காலிக்குத்தான் கொடுத்தேன், புழுவுக்கு இல்லை. வியாழக்கிழமை தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன். நீர்தான் முடிச்சு வெச்சீர், நீரே வந்து வாங்கிக்கணும்" என்றார்.

உனக்குத் தெரியும், நிச்சயதார்த்தத்தில் நாம் வைத்துக் கொடுத்த தாம்பாளத்தை, அதே புடவை தேங்காயோடு, பெரியவராக நின்று முடித்தவர் இரண்டு கையாலும் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் சம்பந்தம் முறிந்ததாக அர்த்தம். அதுவரை பிரம்மாவே வந்தாலும் முறியாது. ஆகவே வியாழக்கிழமை காலை நானும், தாம்பாளமும், சுந்தரராமனும் ஓசூர் ரோடு பஸ்ஸில் ஏறினோம். நாலாவதாக ரமாவும் ஏறினாள். "பொம்மனாட்டி எதுக்கு?" என்று அப்பா தடுத்தார். "என்னை விட்டுட்டு எதை வளர்க்கறார்னு என் கண்ணால பார்க்கணும்" என்றாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் அவளுக்குச் சீட்டுக் கொடுக்கும்போது "பன்னி அம்மா", அதாவது வாங்கம்மா, என்று கன்னடத்தில் ராணிக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ரமாவுக்குப் புழு என்றால் ஆகாது. ஆகாது என்றால் உன்னைப் போல் முகம் சுளிக்கிற ஜாதி இல்லை. கத்தரிக்காய் நறுக்குவதற்கு முன்னால் அதை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்க்கிறவள். அப்படிப்பட்டவள் பண்ணை வாசலில் இறங்கியதும், மூங்கில் தட்டிலிருந்து தவறி விழுந்த ஒரே ஒரு வெள்ளைப் புழு அவள் செருப்புக்குப் பக்கத்தில் சாவகாசமாக நடந்து போயிற்று. அக்கா, நான் பொய் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். இது பொய்யில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் அவள் மாட்டுவண்டியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். படி இல்லை, ஏணி இல்லை. படுத்திருந்த இரண்டு மாடுகளும் மரியாதைக்கு எழுந்து நின்றன.

சேஷகிரி வெளியே வந்தான். உன் பிள்ளையை உனக்கே அடையாளம் தெரியாது. கறுத்து, காலில் மண்ணோடு, தலையில் இலையோடு, ஆனால் பம்பாயில் நான் பார்த்ததைவிடப் பத்து வயது குறைந்து இருக்கிறான். வண்டிமேல் நிற்கிற ரமாவைப் பார்த்தான். "வா" என்று கூப்பிடவில்லை, "ஏன் வந்தாய்" என்றும் கேட்கவில்லை. "மெதுவாப் பேசணும், தோலுரிக்கிற நாலாவது தூக்கம் முடிஞ்சு புழுவெல்லாம் பசியில இருக்கு" என்றான். இதுதான் அக்கா, நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம் பார்க்காத வருங்கால மனைவியிடம் உன் பிள்ளை பேசிய முதல் காதல் வசனம்.

அந்தப் பசியை நீ கேட்க வேண்டும். வீட்டில் மனுஷனுக்கு இடமில்லை. கூடம், தாழ்வாரம், பூஜை உள் எல்லாம் மூங்கில் தட்டு, அடுக்கடுக்காக. அவை இலை தின்கிற சத்தம், ஓட்டுக் கூரையில் மழை விழுகிறாற்போல. ஓசூர் ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, நல்ல வெயிலில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு போகிறார்கள். இந்த ராஜ்யத்துக்குத் திவான் அப்பாதுரை. பேருக்குத்தான் பண்ணையாள். சர்வாதிகாரி. வாசலிலேயே என்னை மறித்து, "சாமி, பொடி டப்பாவ வெளியவே வெச்சிடுங்க. போயல வாசம் பட்டா பூச்சி செத்துரும்" என்று என் மூக்குப்பொடி டப்பாவை வாங்கித் தென்னை மரத்துப் பொந்தில் வைத்துவிட்டான். சுந்தரராமன் சட்டையில் அத்தர் வாசனை என்று சட்டையைக் கழற்ற வைத்தான். கணக்கு ஆபீஸே நடுங்கிய மனுஷர் பூணூலோடு, கையில் தாம்பாளத்தோடு, சத்திரத்துச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

"பிடியும் ஓய்" என்று தாம்பாளத்தை நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் என் இரண்டு கையிலும் அப்பாதுரை ஒரு கூடையைத் திணித்தான். "சாமி, மானம் கறுக்குது பாருங்க. நனஞ்ச சொப்பு போட்டா பூச்சிக்கு வயிறு போயிரும். மழைக்கு முன்னால பறிச்சாகணும்." முசுக்கொட்டை இலைக்கு இந்தப் பக்கத்தில் சொப்பு என்று பெயர். என்னத்தைச் சொல்ல, தோட்டத்துக்குப் போனேன். கூடையோடு திரும்பி வந்தேன். "இப்பவாவது பிடியும்" என்று மறுபடி நீட்டினார். கூடையை எங்கே கொட்டுவது என்று நான் திரும்புவதற்குள், அப்பாதுரை புடவையையும் தேங்காயையும் கயிற்றுக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு, என் கூடை இலையைத் தாம்பாளத்திலேயே கவிழ்த்து, "இது நல்லா அகலமா இருக்குது சாமி" என்று அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். "டேய், அது சம்பந்தத்தை முறிக்கிற தாம்பாளம்டா!" என்று சுந்தரராமன் பின்னாலேயே ஓடினார்.

போனவர் வெளியே வரவில்லை. என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தேன். ஒரு தட்டின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "ஓய், இங்கே வாரும். இந்தத் தட்டுல நெரிசல், அந்தத் தட்டு பாதி காலி. யார் பண்ணின டிஸ்ட்ரிப்யூஷன் இது?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் புழுக்களை இலையோடு தூக்கி இடம் மாற்ற ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணில் ஈரத்தோடு, "என் சர்வீஸ்ல, நான் ரூமுக்குள்ள வந்தப்புறமும் தலை நிமிராம வேலை பண்ணின ஸ்டாஃபைப் பார்த்ததே இல்லை ஓய்" என்றார்.

இதற்குள் மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டது. இலை போதவில்லை. வண்டிமேல் தெய்வம்போல் எழுந்தருளியிருந்த ரமாவைப் பார்த்து நான், "அம்மா, புழு எல்லாம் வீட்டுக்குள்ள. தோட்டத்துல வெறும் இலைதான்" என்றேன். ஒவ்வொரு செடியையும் சந்தேகத்தோடு பார்த்தபடி இறங்கினாள். ஆனால் பறிக்க ஆரம்பித்ததும், சொல்லக்கூடாது, நாங்கள் மூன்று பேர் பறித்ததை அவள் ஒருத்தி பறித்தாள். சேஷகிரி அவள் கூடையை வாங்கிக்கொண்டு போவதும் காலியாகக் கொண்டுவந்து கொடுப்பதுமாக இருந்தான். நான் பக்கத்து வரிசையில் இடுப்பொடியக் குனிந்திருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காது அந்தப் பக்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

"எனக்குப் புழுவைப் பார்த்தா மயக்கம் வரது. உங்களைப் பார்த்தா வரலை. நான் என்ன பண்ணட்டும்?"

"கொஞ்ச நாள்ல எல்லாம் கூடு கட்டிடும் ரமா. அப்புறம் ஒரு புழுகூட இருக்காது."

"அப்புறம்?"

"அப்புறம்... அடுத்த முட்டை வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மழை விழுவதற்குள் கடைசிக் கூடையும் உள்ளே போய்ச் சேர்ந்தது. எல்லோரும் வாசல் திண்ணையில் ஒண்டி நின்றோம். சுந்தரராமன் கைகளைத் துடைத்துக்கொண்டு பழைய சூப்பரின்டென்டென்ட் குரலில், "மாப்பிள்ளை, ஒரே வார்த்தை. புழுவா, என் பொண்ணா?" என்றார். அவர் கேட்டபோது அவர் தோளில் ஒரு புழு உட்கார்ந்திருந்தது. ரமா அதைப் பார்த்துவிட்டுத் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். சேஷகிரி அந்தப் புழுவைப் பூப்போல எடுத்து வாசற்படிக்கு உள்பக்கத் தட்டில் விட்டான். விட்டுவிட்டு, "இது கூடு கட்டட்டும் மாமா. அதுக்கப்புறம் நான் பம்பாய்க்கே போயிடறேன். கம்பெனியில திரும்பவும் எடுத்துக்கறேன்னுதான் சொல்லியிருக்கா. ரமாவைப் பயத்தோட குடித்தனம் பண்ண வைக்க மாட்டேன்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் எப்படியிருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். நீ பெற்றவள்.

ஆக, அக்கா, நீ இட்ட ஆணையை ஒரே பகலில் நிறைவேற்றிவிட்டேன். பிள்ளை பம்பாய்க்கு வருகிறான். சம்பந்தமும் முறியவில்லை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். நான் அடித்தது தோப்பையே உலுக்கிவிட்டது. வந்திறங்கும் நாளை விவரமாகப் பிறகு எழுதுகிறேன். நீ ஸ்டேஷனுக்கு ஆரத்தியோடு வந்து அவன் மானத்தை வாங்காமலிருந்தால் போதும். நானும் ரமாவும் அன்றைக்கே சாயங்கால பஸ்ஸில் மல்லேஸ்வரம் வந்து சேர்ந்தோம். சுந்தரராமன், "தட்டெல்லாம் பாதி சரி பண்ணி நிக்கறது, நாளைக்குக் காலம்பர வரேன்" என்று தங்கிவிட்டார்.

உனக்கும் அத்திம்பேருக்கும் நூறு வயசு நிறையவும், அதில் ஒரு பாதியாவது என்மேல் கோபமில்லாமல் கழியவும் வேண்டுமென்று மல்லேஸ்வரத்திலுள்ள சகல கோயில்களிலும் வேண்டிக்கொள்ளும்,

காரியம் முடித்த தம்பி,
வெங்கடசுப்ரமணியன்

பின்குறிப்பு (செவ்வாய்): மேலே எழுதியதில் சௌக்கிய விசாரணையைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. தபாலில் சேர்க்கப் போன என்னை நேற்றுக் காலை ரமா வாசலில் மறித்தாள். நாளைக்கு வருகிறேன் என்ற அவள் அப்பா இன்னும் வரவில்லை, மாற்று வேஷ்டி கொண்டுபோக வேண்டுமாம், நானும் வரவேண்டுமாம். பஸ்ஸில் பாதி தூரம் வரை அந்த வேஷ்டியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டு வந்தாள். அப்புறம், "மாமா, பம்பாய்க்குப் போறேன்னு சொன்னாரே, அவர் யாரோ வேற மனுஷர். எனக்கு அந்த மனுஷர் வேண்டாம்" என்றாள். போய் இறங்கினால், புழுவெல்லாம் சந்திரிகை என்கிற வட்ட மூங்கில் பின்னலில் ஏறிக் கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. சுந்தரராமன் சட்டையில்லாமல் நடுவில் நின்று மேற்பார்வை பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து, "உஷ்! ஸ்டாஃப் வேலையா இருக்கு" என்றார்.

ரமா வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சேஷகிரியிடம் சொன்னாள்: "நீங்க எங்கேயும் போக வேண்டாம். தோட்டம் என்னுது. இலை இந்த வாசற்படி வரைக்கும் என் பொறுப்பு. படிக்கு அந்தப் பக்கம் உங்க பொறுப்பு. உள்ளே காலை வைன்னு என்னை ஒருநாளும் சொல்லக்கூடாது. அங்கேர்ந்து ஒண்ணும் வெளியே நடந்து வரவும் கூடாது. சம்மதமா?" உன் பிள்ளை விறுவிறுவென்று உள்ளே போனான். முதலில் புழுக்களிடம் சொல்லிவிட்டு வந்துதான் இவளிடம் "சம்மதம்" என்றான் என்று அப்பாதுரை சத்தியம் பண்ணுகிறான். சுந்தரராமனை நான், "என்ன ஓய், நாற்காலிக்குக் கொடுத்த பொண்ணாச்சே" என்று சீண்டினேன். "நாற்காலி எதுக்கு? இங்கே உட்கார ஏது நேரம்!" என்றார்.

ஆகவே கல்யாணம் ஆவணியில், இரண்டு முட்டைக்கு நடுவில் விழுகிற முகூர்த்தத்தில். நீ பதில் எழுதினால்தான் பத்திரிகை அச்சுக்குப் போகும். பிள்ளை உன் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறான். அதுவரை சரியாகச் சாப்பிடவும் மாட்டான். இதை எழுதும்போது ரமா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மா, உங்களுக்கும் புழு ஆகாது என்று மாமா சொன்னார். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? வந்துவிடுங்கள். அவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கட்டும். நாம் இரண்டு பேரும் தோட்டத்தில் உட்கார்ந்து அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கலாம்."